ஓரமாக மிதித்த தடங்கள்

தெருக்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை மாநகராட்சி போட்டு ரோடு அமைக்கும் என்றார்கள். சிங்கராயர் வீடு வீடாக ஏறி இறங்கினார். மழை பெய்தால் ஆட்டோக்காரர்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். மூச்சிரைப்புக்காரியான அவர் மனைவி சலேத்மேரி சேற்றில் நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர் ஊரெல்லாம் கையேந்தியது அவளுக்காகத்தான்.

ஒருவழியாக ஒருநாள் காலையில், வாசலுக்கு வாசல் இடைவெளியில்லாமல் கான்கிரீட் கொட்டினார்கள். யாரும் கால் வைத்துவிடக் கூடாதென்று சிங்கராயரே தெருமுனையில் முள் வெட்டிப் போட்டார். கோழியைக்கூட விடாமல் விரட்டினார்.

மதியம் சலேத்மேரிக்கு மூச்சு முட்டியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஈரக் கான்கிரீட்டில் இறங்கினார்கள். பின்னால் ஓடிவந்த சிங்கராயர் தன்னையறியாமல் கத்தினார்.

“ஓரமா மிதிங்கடே, ரோடு கெட்டுரும்!”

நாற்காலியில் இருந்தவள் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் அவள் உடலைக் கொண்டுவந்தபோது ரோடு இறுகிவிட்டிருந்தது. சுமந்து வந்தவர்களின் காலடி ஒன்றுகூடப் பதியவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு கொத்தனார் கலவைச் சட்டியோடு வந்து நின்றார்.

“ரோட்டுல நேத்து மிதிச்ச இந்தக் குழியையெல்லாம் பூசிரட்டா அண்ணாச்சி?” என்றவர், குனிந்து பார்த்தார். “அவ்வளவு அவசரத்துல தூக்கிட்டுப் போயிருக்காவ. பொறவு எதுக்கு இப்படிச் சுவர ஒட்டியே மிதிச்சிருக்காவ?”

சிங்கராயர் தரையில் மண்டியிட்டு, ஒரு தடத்துக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீரை உள்ளங்கையால் வழித்து எடுத்துக்கொண்டிருந்தார்.