மீன் தொட்டிக்குத் திருஷ்டி

மீன்கள்மேல் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். தொட்டிக்குள் வளரும் செடிகள் கருகாத அளவுக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தொட்டியின் ஹீட்டரையும் கூட்டிவைத்தார் இன்பநாதன்.

"மேல்வீட்டுக்காரி வாயைப் பிளந்து பார்த்தாளே, அவ கண்ணுதாங்க" என்றாள் மனைவி குழல்மொழி.

அவர் குளிக்கப் போனதும், கை நிறையக் கல்லுப்பு எடுத்துத் தொட்டிக்குத் திருஷ்டி சுற்றினாள். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். தண்ணீர்தான் எதிரிலேயே இருந்ததே.

வாரக் கடைசியில் மீன்கள் பளபளவென்று நீந்தின. செடிகள் துவண்டு பழுத்திருந்தன. உப்பு போட்டதைக் குழல்மொழியே பெருமையாகச் சொன்னாள். பிறகு செடிகளை உற்றுப் பார்த்தாள்.

"ஐயோ, கண்ணு இப்போ செடிமேல பட்டிருக்குங்க!"

அடுக்களைக்கு ஓடித் தேடிவிட்டுத் திரும்பினாள். தொட்டிமுன் உப்பு ஜாடியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார் இன்பநாதன். மீன்களெல்லாம் கண்ணாடியோரம் வந்து ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தன.