சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு

வேதநாயகம் சோதனைக் குழாயில் விட்ட சொட்டு, எந்த மாற்றமும் காட்டாமல் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துபோனது.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

விவசாய இலாகாவின் மண் சோதனைக் கூடத்தில் காலையிலிருந்து அவருக்கு இதே வேலை. ஒரு பங்கு மண், ஐந்து பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர். கலக்கு, வடிகட்டு, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடு. மண்ணில் உப்பு இருந்தால் தண்ணீர் வெளுக்கும். எவ்வளவு உப்போ அவ்வளவு வெளுப்பு. கடலோரத்திலிருந்து வந்த பதினோரு மண்ணும் இன்று கஞ்சித் தண்ணீராக வெளுத்து அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தன.

இது பன்னிரண்டாவது. மண்ணுக்குச் சொந்தக்காரி காத்தாயி, திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்து எதிரே நின்றாள்.

போன மாதம் மேடை போட்டு, மைக் கட்டி, மாலை போட்டு அவளுக்கு ஒரு ஏக்கர் பட்டா கொடுத்திருந்தார்கள். உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து பிடுங்கிய நிலம் என்று மைக்கில் சொன்னார்கள். எதை விட்டுக்கொடுப்பது என்று பொறுக்கி எடுத்தவர் மிராசுதார்தான். அவர் என்ன, நடு வயலையா தூக்கிக் கொடுப்பார்?

காத்தாயிக்கு அந்தக் கவலை இல்லை. பட்டா கைக்கு வந்த மறுநாளே, இனிமேல் நடவுக்கு வரமாட்டேன் என்று மிராசுதார் பண்ணையில் சொல்லிவிட்டாள். கூலித் தகராறு நடந்துகொண்டிருந்த நேரம். அவள் இடத்தில் அன்றைக்கே வெளியூர் ஆளை இறக்கிவிட்டார்கள். இனி அந்த ஒரு ஏக்கர் விளைந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். வந்ததும் வராததுமாக இதையெல்லாம் அவரிடம் கொட்டியிருந்தாள்.

"நல்ல மண்ணும்மா. தைரியமா நடு" என்று சொல்லிவிட்டு, சீட்டில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

காத்தாயியின் முகம் மலரவில்லை.

"அது பண்ணை வயலு மண்ணுங்க சார். எங்க வயலு மேலாப்புல வெள்ளையா பூத்துக் கெடக்கு. ஆபீசுக்கு வர்றப்ப அதப் போயி எப்பிடிங்க அள்ளியாறது? அதான் நான் எப்பவும் நடுற வயல்ல, நல்லதாப் பாத்து எடுத்தாந்தேன். ஒரே ஊரு மண்ணுதானுங்களே?"

பேனா நின்றது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு அடுத்த வீட்டுப் பெண்ணைக் காட்டியது போலச் செய்துவிட்டாளே! வேதநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. பேனாவை மூடிவிட்டு, "உன் வயல் மண்ணு எங்கம்மா?" என்றார்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பட்டா வாங்கிய அன்று தன் வயலில் இறங்கிக் கிள்ளிய மண்ணாம். கோயில் திருநீறு மாதிரி காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள்.

அவர் அதை வாங்கிக் கலக்கினார், வடிகட்டினார்.

வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு போகாது. நாளுக்கு நாள் மண்ணில் செறிந்துகொண்டே இருக்கும். அதை அலசி வெளியே தள்ள ஆற்றுத் தண்ணீர் வேண்டும். அவள் இருப்பதோ கடைமடை. அங்கே போகிற வாய்க்கால் மிராசுதாரின் வயல்களைத் தாண்டித்தான் போகவேண்டும். இதில் அவரால் என்ன செய்ய முடியும்? அவர் கையில் இருந்தது ஒரு சொட்டு மட்டும்தான்.

விட்டார்.

விழுந்த இடத்திலிருந்து கீழே வரை, குழாய் முழுவதும் கெட்டியாக வெளுத்தது. இப்படி ஒரு வெளுப்பைக் காலையிலிருந்து அவர் பார்க்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

காத்தாயி குழாய்க்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள்.

"ஒண்ணுமே வராத பண்ணை மண்ணையே நல்ல மண்ணுன்னீங்க. எம்மண்ணப் பாருங்க சார், பாலா பொங்குது!"