ஒரு நாள் டிக்கெட்

இன்னும் ஆறு நாட்களே இருந்தன. மெரெட்டே கேளிக்கைப் பூங்காவின் டிக்கெட் பிரிவுக்குப் போன் செய்தாள்.

“சனிக்கிழமைக்கு ஒரு நாள் டிக்கெட் வேணும். நான், ஏழு வயசுப் பையன், நாலு வயசுப் பொண்ணு.”

“பையன் எவ்வளவு உயரம்?” என்றான் போனை எடுத்த இளைஞன்.

“நூத்திப் பதினெட்டு சென்டிமீட்டர்.”

“பெரிய ரோலர் கோஸ்டர் ரயில்ல ஏற நூத்தியிருபது வேணுமே. வாசல்லயே அழுவான். பேசாம வருஷப் பாஸ் எடுத்துடுங்க. அக்டோபர் மாசம் ஸ்கூல் லீவுல மறுபடி வாங்க. அதுக்குள்ள வளந்துடுவான்.”

“ஒரு நாள் போதும்.”

“எல்லா அம்மாவும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க. சாயங்காலமே பாஸ் கேட்டு வந்து நிப்பாங்க.”

அடுத்த அறையில் பையன் மால்டே சுவரோடு ஒட்டி, குதிகாலை லேசாகத் தூக்கி நின்றான்.

“அம்மா, இப்ப பாரு. வளந்துட்டேனா?”

“கொஞ்சம்” என்று சொல்லிவிட்டு, மெரெட்டே கதவைச் சாத்தினாள்.

“பாஸே போட்டுடறேன். பெத்தவங்க கையெழுத்து ஒண்ணு போதும்” என்றான் இளைஞன்.

“என்னால போட முடியாது.”

“ஏன், கை சுளுக்கிடுச்சா?”

இதுவரை அவள் யாரிடமும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

“நான் அவங்களைப் பெத்தவ இல்ல, தம்பி. நகராட்சியோட குழந்தை நலப் பிரிவு என்கிட்ட வளக்கக் கொடுத்த பிள்ளைங்க. மூணு வருஷமாச்சு. ஞாயித்துக்கிழமை பெத்தவகிட்டத் திரும்ப அனுப்பறாங்க. பிள்ளைங்களுக்கு இன்னும் தெரியாது.”