கூடத்தில் நின்ற காளை

2024 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை. கறம்பக்குடியில் விடியல் முதலே தூறல்.

“கூடத்துல காளை நிக்குதுப்பா, ஓடியா!”

தாய் அமிர்தவல்லியின் குரலைக் கைபேசியில் கேட்டு ஆனந்தராஜ் பதறினான். தந்தையின் புதிய மறதி மாத்திரை இல்லாத உருவங்களைக் காட்டக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

“அப்பா கண்ணுக்கு அப்படித் தெரியுதும்மா, அவரைத் திட்டாத, வந்துட்டேன்!”

வீட்டில் தந்தை அமைதியாக இட்லி உண்டுகொண்டிருந்தார்.

“அப்பா, காளை எங்கிட்டு நிக்குது?”

“என்னைக் கேட்டா? ஒங்கம்மால்ல காலையிலேர்ந்து வெரட்டுறா!”

வெற்றுச் சுவரை நோக்கித் துடைப்பத்தை ஓங்கி நின்றாள் அமிர்தவல்லி.

“அம்மா, அந்த மாத்திரைய நீயுமா போட்டே?”

“நான் ஒண்ணு முழுங்கினாத்தானே ஒங்கப்பா ஒண்ணு முழுங்குறாரு!”

மருத்துவர் சொற்படி, மறுநாள் முதல் கணவர் எதிரே அவள் விழுங்கியது கற்கண்டு மட்டுமே. மூன்றாம் நாள் மாலை நான்கு மணி பத்து நிமிடத்திற்கு அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.