உத்தேசக் கணக்கு

"கூரை எப்போ வரும், இன்ஜினியர் சார்?"

எஸ்டிமேட்டை மேசைமேல் வீசிவிட்டு அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்ஜினியர் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். வெளியே ஒரு தம்பதி காத்திருந்தது. புதிதாக வீடு கட்ட வந்தவர்கள்.

"கொஞ்சம் மெதுவா. ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்." மேசையில் இருந்த அவருடைய பாட்டிலைத் திறந்து மடமடவென்று தண்ணீர் குடித்தாள். "இதுல நாப்பது லட்சம்னு போட்டிருக்கு. அம்பத்தஞ்சு போயாச்சு. ஹால்ல நின்னு அண்ணாந்து பார்த்தா காக்கா பறக்குது."

"சிமென்ட், கம்பி எல்லாம் விலை ஏறிடுச்சு."

"ம்."

"மண்ணு இளக்கம். அஸ்திவாரம் இன்னும் ஆழமா போக வேண்டியதாயிடுச்சு."

"ம். அப்புறம்?"

"நடுவுல மாடியில ஒரு ரூம் கேட்டது யாரு? கட்டின சமையலறைச் சுவரை இடிச்சுத் தள்ளிக் கட்டச் சொன்னது யாரு?"

பதில்கள் எல்லாம் தடங்கலின்றி வந்தன. தொழில் தந்த பழக்கம். குரலில் வருத்தம்கூடச் சரியான இடத்தில் சேர்ந்துகொண்டது.

அவள் காதைத் தொட்டுக் காட்டினாள். "வளையல் அஸ்திவாரத்துக்குப் போச்சு. சங்கிலி சுவருக்குப் போச்சு. மிச்சம் இந்தத் தோடுதான். இதுக்கு ஒரு ஜன்னல்கூட வராது."

"பார்த்துக்கலாம்."

"எப்போ பார்க்கிறது? மாசக் கடைசியில வாடகை வீட்டைக் காலி பண்ணணும். ஓனர் வாசல்ல நின்னு கத்திட்டுப் போறார். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போறது?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார்.

மேசையில் இன்னொரு எஸ்டிமேட் கிடந்தது. அவள் அதை எடுத்தாள்.

"இது யாருக்கு?"

"வெளியே உட்கார்ந்திருக்காங்களே, அவங்களுக்கு."

கடைசிப் பக்கத்துக்குப் போனாள். நெற்றி சுருங்கியது. "நாலு பெட்ரூம். லிஃப்ட் வேற. இதுவும் நாப்பதா? முடியுமா?"

"முடியாது."

"எவ்வளவு ஆகும்?"

"எண்பதைத் தாண்டும்."

"தெரிஞ்சே நாப்பதுன்னு போட்டிருக்கீங்களா?"

அவர் முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "எண்பதுன்னு சொன்னா எவனாவது வீடு கட்ட வருவானா? எழுந்து ஓடிடுவான். நாப்பதுன்னா கையெழுத்துப் போடுவான். சுவர் எழும்பிட்டா அப்புறம் எங்க ஓடுறது? கடனை உடனை வாங்கி அவனே முடிச்சுக்குவான். ஊர்ல எல்லா ஆபீஸ்லயும் இதுதான் நடக்குது."

வெளியே அந்தத் தம்பதி திரைச்சீலை என்ன நிறம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

அவள் இரண்டு எஸ்டிமேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். ஒரே அச்சு. ஒரே கையெழுத்து. அவளுடைய கோபம் எங்கேயோ போய்விட்டது. முகத்தில் பயம் மட்டும் இருந்தது.

"ஏங்க, இதை நம்பியா நம்ம வீட்டை ஆரம்பிச்சீங்க?"