கும்பகோணத்தில் சிக்ஸ் சீட்டர்

“போன பாகத்துல லாரியில அடிபட்டுச் செத்தவன், இந்தப் பாகத்துல எப்படிம்மா டீ குடிக்கிறான்?”

கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த துரைசாமி கேட்டார்.

மருமகள் கீர்த்தி புத்தகத்தை ஒரு தரம் பார்த்தாள். “அப்படித்தான் மாமா போட்டிருக்கு.”

“எழுதறவனுக்குத்தான் மறதி. அச்சடிக்கிறவனுக்குமா? சரி, மேல படி.”

புனேயில் கோர்படிப் பக்கம் அந்த வீட்டில் ஒரு மாதமாக இதே கூத்துதான். ஃபாக்டரியிலிருந்து ரிடையரான துரைசாமிக்குக் கண்புரை ஆபரேஷன். புதுக் கண்ணாடி வரும்வரை எதையும் படிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கோ ‘வக்கீல் தேன்மொழி’ மாத நாவல் கையில் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம்.

அந்தத் தொடரில் தப்புக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு பாகத்தில் தேன்மொழியின் அப்பா பெயர் ராமலிங்கம், அடுத்ததில் சோமசுந்தரம். நடுவில் சில பக்கங்கள் இரண்டு தடவை வரும். ஆனாலும் மனுஷர் ஒரு பாகம் விட்டதில்லை.

மகன் வசந்தகுமார் கேம்ப் பஜாரில் ஒரு கடையில் நாவலை வாங்கிவந்து கொடுப்பதோடு சரி. ஷிஃப்ட் முடிந்து வந்தால் தூக்கம். படித்துக் காட்டும் வேலை கீர்த்தி தலையில் விழுந்தது. வேலைவிட்டு வந்ததும் மாமனாருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அலுப்போடு உட்கார்ந்து படிப்பாள்.

வரவர தப்புகள் எல்லை மீறிப் போயின. கும்பகோணத்தில் தேன்மொழி சிக்ஸ் சீட்டரில் ஏறி கோர்ட்டுக்குப் போனாள். வெயிலுக்குத் துப்பட்டாவை எடுத்து, கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிக்கொண்டாள். வில்லன் மகாமகக் குளத்தங்கரையில் மராட்டியக் கடைப் பலகாரமான மிசல் பாவ் தின்றான்.

“புனேல ஆறு பேரை ஏத்திக்கிட்டு ஓடுற டெம்போ ரிக்ஷா கும்பகோணத்துக்கு எப்படிப் போச்சு? இதை எழுதினவன் அந்த ஊர்ப்பக்கம் தலை வச்சுப் படுத்ததில்ல போல.”

இப்படித் திட்டிவிட்டு, தொந்தி குலுங்கச் சிரிப்பார். மேலே படிக்கச் சொல்லுவார்.

பக்கத்து வீட்டுப் பவுனுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது கீர்த்தியிடம் கொட்டித் தீர்த்துவிட்டாள். நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிற பெண்ணை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, வரிக்கு வரி நொட்டை சொல்கிறாரே, இவருக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்கிறதா என்றாள்.

கீர்த்தி கண் கலங்கிவிட்டாள்.

“அவர் மேல தப்பில்லக்கா. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.”

பிறந்து வளர்ந்ததெல்லாம் புனே. எழுத்துக்கூட்டிப் பெயர்களைப் படிப்பாள், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தபோது துரைசாமி நகை நட்டு எதுவும் கேட்கவில்லை. பெண்ணுக்குத் தமிழ் படிக்க வருமா என்று மட்டும் கேட்டார். நல்ல இடம் கைநழுவிவிடக்கூடாதே என்று கீர்த்தியின் அப்பா, நன்றாக வரும் என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் நாவலைப் பிரித்ததும் ஒரு வரிக்கே அவளுக்கு வேர்த்துவிட்டது. அன்றிலிருந்து கதையைத் தானே கட்டிக்கொண்டு போகிறாள். கும்பகோணத்தை அவள் கண்ணால் கண்டதில்லை.

“நாளைக்கு அவருக்குக் கண்ணாடி வருதுக்கா. புக்கைப் பிரிச்சார்னா எல்லாம் போச்சு. எங்கப்பாவைப் பத்தி என்ன நினைப்பாரு?”

மறுநாள் கண்ணாடி வந்தது. துரைசாமி அதை மாட்டிக்கொண்டு நேராக நாவலைத்தான் எடுத்தார். நாலு பக்கம் புரட்டினார். கீர்த்தி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுத்தெல்லாம் கலங்கலாத் தெரியுது. நீயே படிம்மா.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தேன்மொழி அன்றைக்கும் சிக்ஸ் சீட்டரில்தான் கோர்ட்டுக்குப் போனாள். துரைசாமியும் வழக்கம்போல எழுதினவனை ஒரு பிடி பிடித்தார்.

அடுத்த நாள் கீர்த்தி வேலைக்குப் போன பிறகு, பவுன் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். துரைசாமி அதே நாவலை மளமளவென்று படித்துக்கொண்டிருந்தார்.

“கலங்கலாத் தெரியுதுன்னு சொன்னீங்களாமே அண்ணே?”

துரைசாமி புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தார். பவுனுக்குப் புரிந்துவிட்டது.

“அப்ப உங்களுக்குத் தெரியுமா? எப்பலேருந்து?”

“தேன்மொழி சிக்ஸ் சீட்டர் ஏறின அன்னைக்கே தெரியும். இந்தப் புஸ்தகத்துலயும் தப்புக்குக் குறைச்சல் இல்ல பவுனு. ஆனா அந்தப் பொண்ணு சொல்ற கதையில இருக்கிற ருசி இதுல இல்ல.”

“அவ கதை பிடிச்சிருக்குன்னா, அப்புறம் எதுக்கு அண்ணே தினம் அந்தத் திட்டு திட்டறீங்க?”

“எழுதினவனை நான் திட்டலன்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவ கண்டுபிடிச்சுட மாட்டாளா?”