இரட்டை விழுந்த காசு

"உண்மையான ரெட்டையா இரிந்தா நல்ல விலை போகும் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே ஜிப்ரி பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.

காத்தான்குடியில் பழைய காசு வாங்கி விற்கும் அவருக்கு, முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு. சுனாமி வந்து போன இந்த மூன்று மாதத்தில், மிஞ்சியதை விற்க எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள். கல்லடியிலிருந்து தனியாக வந்திருந்த அஜந்தாவையும் அவர்களோடு சேர்த்துக்கொண்டார்.

அவள் நீட்டிய சின்னப் பிளாஸ்டிக் பையில் மையால் ஓர் எண் எழுதியிருந்தது. உள்ளே ஐந்து ரூபாய்க் காசு. ஏதோ கடைக்காரன் போட்ட எண், முதலில் அங்கே காட்டியிருக்கிறாள் என்று ஜிப்ரிக்குக் கொஞ்சம் எரிச்சல்.

"என்ட மனிசனும் இப்பிடி ஒண்டு வச்சிருந்தவர் நானா. எழுத்து ரெட்டையா விழுந்தது, வித்தா வீடு கட்டலாம் எண்டு சொல்லிச் சிரிப்பார்." ஊர் வழக்கப்படி அவளும் அவரை அண்ணன் முறையில் நானா என்றாள்.

"அதையும் கொண்டந்திரிக்கலாமே. ரெண்டையும் ஒண்டா வச்சுப் பாத்தா லேசு."

"அது அவரோடதான் இருக்கு."

விட்டுவிட்டுப் போன புருஷன் போலும். ஜிப்ரி பையிலிருந்து காசை வெளியே எடுத்தார்.

"உண்மையான ரெட்டை எண்டா என்ன நானா?"

"அச்சுலயே எழுத்து ரெட்டையா விழுந்திரிக்கும். அந்த அச்சுல அடிச்ச காசு ஆயிரமெண்டாலும் அத்தனையும் ஒரே மாதிரி. அடிக்கக்குள்ள மெசின் ஆடினா அந்த ஒரு காசு மட்டும்தான் அப்பிடி. அது சல்லிப் பெறாது."

"ஆயிரத்தில ஒண்டா, ஒண்டே ஒண்டா எண்டு சொல்லுங்க நானா. வடிவாப் பாருங்க" என்றாள்.

ஜிப்ரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையான இரட்டை என்றால் இரண்டாவது எழுத்தும் உருண்டு எழும்பி நிற்கும். இது தட்டையாகத் தேய்ந்து, படிபோலக் கிடந்தது. அவளுக்காக இன்னொரு தடவையும் பார்த்தார்.

"மெசின் ஆடினதுதான் தங்கச்சி."

"இப்பிடி இன்னொண்டு இருக்கவே இருக்காதா?"

"இரிக்காது. இது ஒண்டே ஒண்டுதான்."

பாவமாக இருந்தது. பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினார். அவள் அதைப் பார்க்கவேயில்லை. அவளுக்கு வீட்டில் சொல்ல ஆளில்லை. இந்த அந்நியரிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப, சட்டைப் பைக்குள்ள இந்தக் காசு கிடந்த, இந்த நம்பர் போட்ட பிரேதம் என்ட மனிசன்தான் நானா."